மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கும் நேரத்திலிருந்து தொடங்குங்கள்

வேலைக்குப் போகும் இளையர் சிலர் சேர்ந்து, வரும் ஏப்ரலில் தங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் 150 பேருக்கு ஒரு தமிழ் நிகழ்ச்சி நடத்த விரும்புகிறார்கள். பிள்ளைகளின் நடனம், தமிழகத்திலிருந்து ஒரு பேச்சாளரை நடுவராக அழைத்துப் பட்டிமன்றம், இரவு உணவு. முன்பின் நடத்திப் பழக்கமில்லை. "பொதுவாக எங்கே சறுக்குகிறார்கள், எதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்கிறார்கள். சிங்கப்பூரில் தமிழ் நிகழ்ச்சிகளின் மேடைக்குப் பின்னால் நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் பார்த்த குளறுபடிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். எல்லாரும் நிகழ்ச்சியைத் தொடக்கத்திலிருந்து திட்டமிடுகிறார்கள். விளக்கேற்றுதல், தமிழ் வாழ்த்து, வரவேற்புரை என்று மேலிருந்து எழுதிக்கொண்டே வருவார்கள். தாள் நிரம்பியதும் திட்டம் முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். நம் ஊரில் மண்டபம் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைப்பது. உங்களுக்கு இரவு 10 மணி வரை என்றால் 10 மணிக்கு நாற்காலிகள் அடுக்கப்பட்டு, குப்பை அகற்றப்பட்டு, விளக்குகள் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் திட்டத்தில் அசைக்க முடியாத ஒரே எண் அதுதான். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

போட்டுப் பார்ப்போம். மண்டபம் மாலை 5 முதல் இரவு 10 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். துப்புரவுக்கும் நாற்காலி அடுக்கவும் முக்கால் மணி நேரம் வேண்டும், ஆகவே 9.15க்கு விருந்தினர் கிளம்பியிருக்க வேண்டும். 150 பேர் வரிசையில் நின்று உணவெடுத்து, உட்கார்ந்து சாப்பிட்டு, நாலு பேரிடம் பேசிவிட்டுப் போக ஒன்றேகால் மணி நேரம். அப்படியானால் மேடை 8 மணிக்கு முடிய வேண்டும். 6 மணிக்குத் தொடங்கினால் உங்கள் கையில் இருப்பது 120 நிமிடம், அவ்வளவுதான். விளக்கு, வாழ்த்து, வரவேற்புரைக்கு 12 நிமிடம், நாடாளுமன்ற உறுப்பினர் பேச 8, நடனங்களுக்கு 15, சிறப்பு செய்ய 10, நன்றியுரைக்கு 3, இடையிடையே மேடையை மாற்றியமைக்க 7 என்று கழித்தால் பட்டிமன்றத்துக்கு 65 நிமிடம் மிஞ்சும். நடுவரின் தொடக்கவுரைக்கு 8, தீர்ப்புக்கு 15 கொடுத்தால் ஆறு பேச்சாளர்களுக்கு ஆளுக்கு 7 நிமிடம் வரும். இந்த 7 என்ற எண்ணை அழைப்பு விடுக்கும் நாளிலேயே பேச்சாளரிடம் சொல்லிவிட வேண்டும். பத்து நிமிடத்துக்குத் தயாரித்து வந்தவரிடம் மேடையில் துண்டுச் சீட்டு நீட்டுவது அவருக்கு அவமரியாதை. கேட்பவர்களுக்கும் பாதிப் பேச்சுத்தான் கிடைக்கும்.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். 5 மணிக்கு உள்ளே நுழைந்து 6 மணிக்குள் நாற்காலி போட்டு, பதாகை கட்டி, ஒலிவாங்கி சோதித்து, பிள்ளைகளுக்கு மேடையில் ஓர் ஒத்திகையும் பார்த்துவிட முடியாது. மண்டபத்தை 3 மணியிலிருந்தே எடுங்கள். கூடுதல் இரண்டு மணி நேர வாடகையை மிச்சம் பிடிப்பதாக நினைத்து முழு மாலையையும் பதற்றத்தில் கழித்த குழுக்கள் பல.

தொடக்க நேரத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. நம்மவர்கள் தாமதமாகத்தான் வருவார்கள் என்று 6 மணி நிகழ்ச்சிக்கு அழைப்பிதழில் 5.30 என்று போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பஸ் பிடித்து வரும் முதியவர்கள். நேரம் தவறாதவரைக் காக்க வைத்து, தாமதமாக வருகிறவருக்கு வசதி செய்து கொடுப்பது எந்த வகையில் நியாயம்? 6 என்று போடுங்கள், முப்பது பேர் இருந்தாலும் 6 மணிக்கே தொடங்குங்கள். முதல் நிகழ்ச்சியாகப் பிள்ளைகளின் நடனத்தை வையுங்கள். ஆடும் பிள்ளையின் அப்பா அம்மாவும் தாத்தா பாட்டியும் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். நடனம் முடிந்ததும் குடும்பத்தோடு எழுந்து போய்விடுவார்களே என்றால், பிள்ளைகளுக்கான நற்சான்றிதழைப் பட்டிமன்றத்தின் நடுவில், இரு அணிகளும் ஒரு சுற்று பேசி முடித்ததும் கொடுங்கள். அதற்குள் அவர்கள் வழக்கில் யார் பக்கம் என்று முடிவு செய்திருப்பார்கள். தீர்ப்பைக் கேட்காமல் போக மனம் வராது.

அடுத்தது பொன்னாடை. இதைப் பேசத் தயங்குகிறார்கள், ஆனால் மேடை நேரத்தை அதிகம் தின்பது இதுதான். ஒருவரை அறிவித்து, அவர் எழுந்து நடந்து வந்து, போர்த்தி, படமெடுத்து, இறங்கிப் போக ஒன்றரை நிமிடம் ஆகும். இருபது பேர் என்றால் அரை மணி நேரம், அதாவது உங்கள் மேடையில் கால்வாசி. மரியாதையைக் குறைக்கச் சொல்லவில்லை. பேச்சாளர்கள் அனைவரையும் ஒரே முறை மேடைக்கு அழைத்து வரிசையாக நிற்கவைத்துச் செய்யுங்கள். ஆதரவாளர்களின் பெயர்களைத் திரையில் காட்டி நெறியாளர் ஒருமுறை நிறுத்தி நிதானமாக வாசிக்கட்டும். பெயர்ப் பட்டியலை இருவர் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் அந்த மனத்தாங்கல் ஆண்டுக்கணக்கில் நிற்கும். வயதில் மூத்தவரைக் கௌரவிப்பதாக இருந்தால் அவரை மேடைப் படிகளில் ஏற்றாதீர்கள். அவர் அமர்ந்திருக்கும் இடத்துக்கு நீங்கள் இறங்கிப் போய்ச் செய்யுங்கள்.

நாடாளுமன்ற உறுப்பினர் சிறப்பு விருந்தினராக வருவதாக இருந்தால், அவருக்கு அதே மாலை இன்னும் இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் இருக்கும். வரும் நேரம், கிளம்பும் நேரம் இரண்டையும் அவருடைய அலுவலகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். அவர் வரும்வரை அவையைக் காக்க வைக்காமல், அவர் எந்த நேரம் நுழைந்தாலும் அடுத்த இடைவெளியில் பேசும்படி நிரலை அமையுங்கள்.

உணவுக்கு வருவோம். சமைத்த உணவைக் கொண்டுவரும் கேட்டரிங் நிறுவனம் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் பெற்றதாக இருக்க வேண்டும். அவர்கள் கொண்டுவரும் கலங்களில் ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கும். சமைத்த நேரமும் அதற்குள் உண்டு முடிக்க வேண்டிய நேரமும் அதில் இருக்கும். இடைவெளி 4 மணி நேரம். இப்போது பின்னோக்கிய கணக்கை இதன்மேல் வைத்துப் பாருங்கள். நீங்கள் "6 மணி நிகழ்ச்சி" என்று மட்டும் சொன்னால் அவர்கள் 4 மணிக்குச் சமைத்து 5.30க்கு இறக்கிவிட்டுப் போவார்கள். 8 மணிக்கு முதல் ஆள் தட்டை எடுக்கும்போது அந்தப் பிரியாணிக்கும் தயிர்சாதத்துக்கும் கெடு முடிந்திருக்கும். சூடாக இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிப் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் பரிமாறக் கூடாது. "8 மணிக்குப் பந்தி தொடங்கும், 9.15க்கு முடியும், ஆகவே சமைத்த நேரம் 5.30க்கு முந்தியதாக இருக்கக் கூடாது, 7.15க்குக் கொண்டுவந்தால் போதும்" என்று உறுதிப்படுத்தும் கடிதத்திலேயே எழுதுங்கள். உணவு இறங்கும்போது ஒருவர் நின்று ஒட்டுத்தாளைப் படிக்க வேண்டும்.

என்ன உணவு என்பதிலும் சிங்கப்பூருக்கென்று ஒரு பண்பு உண்டு. நம் அவையில் தமிழ் முஸ்லிம்கள் இருப்பார்கள், சைவம் மட்டும் உண்பவர்கள் இருப்பார்கள், மலாய், சீன அண்டைவீட்டாரும் வருவார்கள். முயிஸ் எனும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் உள்ள நிறுவனத்திடம் வாங்கி, சைவத்தைத் தனி மேசையில் தனிக் கரண்டிகளோடு வைத்து, மாட்டிறைச்சியைத் தவிர்த்துவிட்டால் எல்லாரும் ஒரே கூடத்தில் உண்ணலாம். வீட்டிலிருந்து யாரோ அன்போடு செய்து கொண்டுவரும் பலகாரத்தை அந்த மேசைகளில் கலக்காதீர்கள். ஆண்டு முழுவதும் இங்கே சூரியன் 7 மணியை ஒட்டித்தான் மறைகிறது. உங்கள் நிகழ்ச்சியின் நடுவில் மஃரிப் தொழுகை நேரம் வரும். அருகில் ஓர் அறையைக் கேட்டு வாங்கி வைத்து, அதை நெறியாளர் தொடக்கத்திலேயே அறிவித்தால் யாரும் தேடி அலைய வேண்டியதில்லை.

எத்தனை பேருக்குச் சொல்வது? வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை உயர்த்தியவர்களை எண்ணாதீர்கள். "முடிந்தால் வருகிறேன்" என்றவரை வரவில்லை என்றே கணக்கில் எடுங்கள். கேட்டரிங் நிறுவனம் இறுதி எண்ணிக்கையைச் சில நாள் முன்னதாகக் கேட்கும். அதற்கு முந்திய இரண்டு மாலைகளில் தொண்டூழியர்கள் ஆளுக்குப் பதினைந்து பேரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிட வேண்டும். இலவச நிகழ்ச்சிகளில் இதைச் செய்யாமல் விட்டால் ஒன்று உணவு வீணாகும், அல்லது கடைசி வரிசைக்கு வெறும் அப்பளம்தான் மிஞ்சும்.

தேதியைப் பற்றிச் சுருக்கமாக. ஏப்ரல், வளர்தமிழ் இயக்கம் ஒருங்கிணைக்கும் தமிழ்மொழி விழா மாதம். வார இறுதி ஒவ்வொன்றிலும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் ஒன்று, தேசிய நூலகத்தில் ஒன்று, ஏதாவதொரு சமூக மன்றத்தில் ஒன்று என்று ஒரே அவையை எல்லாரும் அழைப்பார்கள். விழா அட்டவணை வெளிவரும்வரை காத்திராமல் மற்ற அமைப்பினரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். வேறு மாதத்துக்குத் தள்ளினாலும் பார்க்க வேண்டியவை உண்டு. ஜூன், ஜூலையில் சனிக்கிழமைகளில் தேசிய தின அணிவகுப்பு ஒத்திகைக்காகச் சில சாலைகள் மூடப்படலாம். சீனர்களின் ஏழாம் மாதத்தில் அவர்கள் விழாக்கள் நடத்துவதால் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்குக் கிடைப்பது அரிது. தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரையிலான பாதையை ஒட்டி எதையும் வைக்க வேண்டாம். ஏப்ரலிலேயே நடத்தினால் பிற்பகல் இடிமழையை எதிர்பாருங்கள். வரவேற்பு மேசையைக் கூரைக்கு வெளியே போடாதீர்கள்.

வெளிநாட்டுப் பேச்சாளர் விஷயத்தில்தான் நல்லெண்ணத்தோடு பெரிய தவறு செய்கிறார்கள். "சுற்றுலா விசாவில் வந்து பேசிவிட்டுப் போகட்டும், நாங்கள் பணம் எதுவும் பெரிதாகக் கொடுக்கவில்லையே" என்பார்கள். சமயம், இனம் அல்லது சமூகம், ஏதேனுமொரு கொள்கை, அரசியல் ஆகியவை தொடர்பான உரை, கருத்தரங்கு, பயிலரங்கு, கூட்டம் ஆகியவற்றை ஏற்பாடு செய்யவோ நடத்தவோ வரும் வெளிநாட்டவருக்கு மனிதவள அமைச்சின் 'மிசலேனியஸ் ஒர்க் பாஸ்' எனும் குறுகிய கால அனுமதி வேண்டும். அது அதிகபட்சம் 60 நாளுக்குக் கிடைக்கும். இங்குள்ள ஏற்பாட்டாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும். வேறு சில வகை உரைகளுக்கும் கலை நிகழ்ச்சிகளுக்கும் அனுமதி அட்டை தேவையில்லை, ஆனாலும் அவர் வந்திறங்கிய பிறகு, வேலையைத் தொடங்குமுன், அமைச்சுக்கு இணையம்வழி தெரிவிக்க வேண்டும். உங்கள் பட்டிமன்றத் தலைப்பு எந்தப் பக்கம் விழுகிறது என்பதை நீங்களே ஊகிக்காமல் அமைச்சிடம் கேளுங்கள். "தமிழ்க் குடும்பங்களில் யார் பங்கு பெரிது" என்பது போன்ற தலைப்புகூடச் சமூகம் பற்றியது என்று கொள்ளப்படலாம். தலைப்பு உறுதியாகாமல் கேட்கவும் முடியாது. அதனால் தலைப்பைப் பட்டிமன்றத்துக்கு இரண்டு வாரம் முன்பு முடிவு செய்யும் பழக்கம் இங்கே உதவாது. ஜனவரியில் தலைப்பு முடிவாகட்டும்.

அவருக்குத் தரும் மதிப்பூதியத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். சிங்கப்பூரில் வசிக்காத பேச்சாளருக்கோ கலைஞருக்கோ கொடுக்கும் கட்டணத்தில் பொதுவாக 15 விழுக்காடு வரி பிடித்து உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் கட்ட வேண்டும். பணம் கொடுத்த மாதத்துக்கு அடுத்த இரண்டாம் மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஏப்ரலில் கொடுத்தால் ஜூன் 15. இரு நாட்டு வரி ஒப்பந்தச் சலுகையைக் கோருவதாக இருந்தால் அவர் தம் நாட்டிலிருந்து வசிப்பிடச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். "ஆயிரம் வெள்ளி" என்று நீங்கள் சொன்னால் அது வரி பிடிப்பதற்கு முன்பா, கையில் கிடைப்பதா என்பதை அழைப்புக் கடிதத்திலேயே தெளிவுபடுத்துங்கள். விழா முடிந்த இரவில் உறையைப் பிரித்துப் பார்த்து அவர் முகம் வாடுவது யாருக்கும் நல்லதன்று.

உரிமங்கள். பொதுமக்களுக்குத் திறந்த கலை நிகழ்ச்சி என்றால், நுழைவு இலவசமாகவே இருந்தாலும், தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் கலை நிகழ்ச்சி உரிமம் தேவைப்படலாம். சில இடங்களுக்கும் சில வகை நிகழ்ச்சிகளுக்கும் விலக்கு உண்டு; உங்களுக்கு அது பொருந்துமா என்று சமூக மன்ற நிர்வாகத்திடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். பிள்ளைகள் திரைப்பாடலுக்கு ஆடினால் அந்த இசையைப் பொதுவில் ஒலிக்கவிடும் உரிமை, இசைப் படைப்பாளிகளின் உரிமையை நிர்வகிக்கும் காம்பஸ் அமைப்பிடமிருந்து பெறப்பட்டிருக்க வேண்டும். அதை மண்டபம் வைத்திருக்கிறதா, நீங்கள் வாங்க வேண்டுமா என்பதும் அதே சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்வி. குத்துவிளக்கை மறந்துவிடாதீர்கள். புகை உணரும் கருவிகள் உள்ள மண்டபங்கள் பலவற்றில் எரியும் சுடருக்கு அனுமதி இல்லை. அனுமதி இல்லையென்றால் மின்விளக்குக் குத்துவிளக்கை முன்பே ஏற்பாடு செய்யலாம். சிறப்பு விருந்தினர் தீக்குச்சியோடு நிற்கும்போது காவலர் ஓடிவந்து தடுப்பது பார்க்கவே சங்கடமானது.

இனி நான் மிகவும் வருந்தும் விஷயம்: தமிழெழுத்து. பதாகையை அச்சிடும் கடையில் வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பிய "தொடக்க விழா"வை அவர் தமது வரைகலை மென்பொருளில் ஒட்டுவார். எழுத்துருவோ அமைப்போ ஒத்துவராவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி, புள்ளி எழுத்தை விட்டு விலகி வட்டமாக நிற்கும். அவர் கண்ணுக்கு அது அழகாகவே இருக்கும். 2017ஆம் ஆண்டு தேசிய தின அணிவகுப்புக்கான விளம்பரத்தாளிலேயே தமிழ் பிழையாக அச்சாகி, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. தமிழ் நிகழ்ச்சி நடத்தும் நாம் இதில் ஒரு புள்ளிகூடத் தவற விடக் கூடாது. தமிழ் வரிகளை நீங்களே தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கி, எழுத்துகளைப் படமாக மாற்றிக் கொடுங்கள். அச்சுக்குப் போகும் இறுதிக் கோப்பைத் திருப்பி அனுப்பச் சொல்லி, தமிழ் நன்றாகத் தெரிந்த இருவர் எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்புதல் கொடுத்த பிறகே அச்சிடச் சொல்லுங்கள். பெயர்களில் ன, ண, ர, ற ஆகியவற்றை அந்தப் பெயருக்குரியவரிடமே கேட்டு உறுதி செய்யுங்கள். திரையில் காட்டும் படவில்லைகளுக்கும் இதே விதிதான். உங்கள் மடிக்கணினியில் சரியாகத் தெரிந்தது மண்டபக் கணினியில் கட்டங்களாக மாறலாம். பிடிஎஃப் வடிவில் கொண்டுபோய், 3 மணிக்கே அந்தத் திரையில் ஓட்டிப் பாருங்கள்.

ஒலிக்கு ஒரே ஒரு குறிப்பு. மண்டபத்தில் இருக்கும் ஒலிபெருக்கி பெரும்பாலும் பேச்சுக்கானது. நடனப் பாடலுக்கு அது இரையும். பாடல்களைக் கைப்பேசியிலிருந்து ஓட்டாதீர்கள், நடுவில் அழைப்பு வந்தால் மேடையில் பிள்ளைகள் திகைத்து நிற்பார்கள்.

பணத்தில், விலைப்பட்டியலைப் படிக்கும் விதம்தான் பலரைக் கவிழ்க்கிறது. 2024 ஜனவரி முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. கேட்டரிங் நிறுவனம் சொல்லும் தலைக்கு இத்தனை வெள்ளி என்பதில் அந்த வரியும் போக்குவரத்துக் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பின்னாளில் திருமணத்துக்கோ ஆண்டு விழாவுக்கோ ஹோட்டலுக்குப் போனால் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். முதலில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதன் மேல் 9 விழுக்காடு வரி. மேசைக்கு 1,000 வெள்ளி என்று நினைத்தது 1,199 வெள்ளியாகும். பதினைந்து மேசைக்கு ஏறத்தாழ 3,000 வெள்ளி துண்டு விழும்.

ஆட்கள். இருபது பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் "யாராவது தண்ணீர் வாங்கிவிடுங்கள்" என்று எழுதினால் மூன்று பேர் வாங்குவார்கள், அல்லது ஒருவரும் வாங்க மாட்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர், ஒரு நேரம். அதைத் தாளில் அச்சிட்டு அன்று எல்லார் கையிலும் கொடுங்கள். மேடையில் எதைச் சுருக்குவது, எதை விடுவது என்று அந்த நேரத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அவர் நெறியாளராகவோ பட்டிமன்றப் பேச்சாளராகவோ இருக்கக் கூடாது, விருந்தினரை வரவேற்கும் வேலையும் அவருக்கு வேண்டாம். கடிகாரத்தைப் பார்ப்பதே அவர் வேலை. தொண்டூழியர்களுக்கு 5.15க்கே தனியாகச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கடைசி விருந்தினரும் போன பிறகு எஞ்சியதைச் சாப்பிட வைப்பது அவர்களை அடுத்த முறை வராமல் செய்துவிடும்.

கணக்கை நிகழ்ச்சிக்குப் பிறகு எழுதத் தொடங்காதீர்கள். முதல் முன்பணம் கொடுத்த நாளிலிருந்து ஒருவரே எழுதி வரட்டும், ரசீதைப் படமெடுத்து அன்றன்றே சேர்த்துவிடட்டும். ஒரு வாரத்துக்குள் நன்கொடை கொடுத்தவர்களுக்கு வரவு செலவை அனுப்பிவிடுங்கள். மண்டப வைப்புத்தொகை திரும்பி வர நாளாகலாம். அதையும், பேச்சாளருக்காகக் கட்ட வேண்டிய வரியையும் நிலுவை என்று தனியாகக் காட்டுங்கள்.